ஃபைபர் வந்த வீட்ல வெளிநாட்டு போன்: வாட்ஸ்அப்பா, ஐஎஸ்டி பேக்கா, அடாப்டரா?

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கமெல்லாம் ஃபைபர் லைன் இழுக்க ஆரம்பிச்சதிலிருந்து கடைத்தெருவுல நின்னா யாராவது ஒருத்தர் இத கேட்டுடறாங்க, "நெட்டுல போன் மாட்ற பொட்டி ஒண்ணு இருக்காமே, அத மாட்டுனா வெளிநாட்டுக்கு சும்மாவே பேசலாமாமே?" சும்மா எல்லாம் இல்லங்க. பொட்டி இருக்கு, வேலையும் செய்யுது, ஆனா காசு மிச்சம்னு மட்டும் நெனச்சு வாங்குனா பத்துல எட்டு வீட்டுக்கு அது தண்டம், மீதி ரெண்டு வீட்டுக்கு அத விட்டா வேற நல்ல வழியே கிடையாது. உங்க வீடு எந்த பக்கம்னு கண்டுபிடிக்கத்தான் இவ்ளோ பெருசா எழுதறேன், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

பொதுவா பேசுனா புரியாது, எங்க அத்தை வீட்டையே வெச்சுக்கலாம். அத்தைக்கு எழுபது தாண்டியாச்சு, கோத்தகிரிகிட்ட அரவேணு பக்கம் தனியா இருக்காங்க. பெரிய பையன், அதாவது என் மச்சான், டொரன்டோல. சின்னவன் துபாய்ல. அத்தைக்கு அக்கா ஒருத்தங்க, எங்க பெரியத்தை, இன்னும் இலங்கைல ஹட்டன் பக்கம்தான். 1964 அக்டோபர்ல சாஸ்திரியும் சிறிமாவோவும் மலையகத் தமிழர ரெண்டு நாட்டுக்கும் பிரிச்சுக்க கையெழுத்து போட்ட ஒப்பந்தத்துல அஞ்சே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேர் அங்கன்னு கணக்கு போட்டாங்கல்ல, அதுல ஒரே வீட்ல ஒரு பொண்ணு இந்தப் பக்கம் ஒரு பொண்ணு அந்தப் பக்கம்னு பிரிஞ்ச குடும்பம் இந்த மலையில எத்தனையோ, அதுல எங்களுதும் ஒண்ணு. ஆக அத்தைக்கு கனடா, துபாய், இலங்கைன்னு மூணு திசை. ஒவ்வொரு திசைக்கும் பதில் வேற வேற, இத புரிஞ்சுக்காம "எது பெஸ்ட்"னு கேட்டா யாராலயும் சொல்ல முடியாது.

வாட்ஸ்அப்ல ஆரம்பிப்போம், ஏன்னா பத்துல எட்டு பேருக்கு பேச்சு அங்கயே முடிஞ்சுடும். வீட்ல வைஃபை இருக்கு, கையில ஸ்மார்ட்போன் இருக்கு, அந்தப் பக்கமும் அதே, அப்ப காசே இல்ல, முகத்தையும் பாத்துக்கலாம், பேரன் பல்லு விழுந்தத காமிக்கலாம். கனடாவுக்கு, இலங்கைக்கு ரெண்டுக்கும் இது ஜம்முனு போகுது. இத வெச்சு நல்லா பேசிட்டு இருக்கற வீட்டுக்காரங்க மேல படிக்கவே வேண்டாம், அப்படியே போய் வேற வேலை பாருங்க.

ஆனா அத்தை மாதிரி ஆளுங்களுக்கு என்ன ஆகுதுன்னா, போன் சார்ஜ் இல்லாம கெடக்கும், இல்ல ஏரோபிளேன் மோட்ல போயிருக்கும், இல்ல யாரோ அனுப்புன குட் மார்னிங் போட்டோவுலயும் வீடியோவுலயும் மெமரி ரொம்பி போன் திக்கித் திணறும். கால் வந்தா பச்சைய மேல தள்ளணுமா சைடுல தள்ளணுமான்னு தெரியாம, தேயிலை பறிச்சு காப்பு காய்ச்ச விரல வெச்சு தேய்ப்பாங்க, அந்த விரல் ரேகை அழிஞ்சு போனதால ஸ்க்ரீன் சில நேரம் எடுக்கவே எடுக்காது. "தம்பி, இந்த கண்ணாடி போன் என் கைய மதிக்கறதில்ல, பழைய பட்டன் போனே குடு"ன்னு அத்தை சொல்லிட்டாங்க. இத கேலியா எடுத்துக்காதீங்க, இந்தக் கட்டுரையோட மொத்த கேள்வியும் அங்கதான் இருக்கு.

துபாய்க்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் போகும், போட்டோ போகும், கால் மட்டும் போகாது, ஐக்கிய அரபு எமிரேட்ஸ்ல அத அடைச்சு வெச்சிருக்காங்க. முன்னாடி வளைகுடாவுல இருந்தவங்க நெறைய பேர் இமோ வெச்சு பேசுவாங்க, அது 2023 மே மாசம் நம்ம அரசாங்கம் தடை பண்ண 14 ஆப்ல ஒண்ணாப் போச்சு. பாட்டிம் மாதிரி அங்க அனுமதி வாங்குன ஆப் இருக்கு, அங்க இருக்கற பையன் அங்க உள்ள கம்பெனில அதுக்குன்னு பிளான் போட்டு பேசலாம், அதுதான் அவனுக்கு வம்பில்லாத வழி. விபிஎன் போட்டு பேசறேன்னு கெளம்பாதீங்க, அங்க அதுக்கு அபராதம் பெருசு, பொழைக்கப் போன எடத்துல எதுக்கு அந்த வேலை.

ரெண்டாவது வழி, நேரடி ஐஎஸ்டி. சிம்ல ஐஎஸ்டி வசதிய ஆன் பண்ணி, கம்பெனி குடுக்கற வெளிநாட்டு பேக் ஒண்ணு போட்டு, 00 அழுத்தி நாட்டு நம்பர் போட்டு பேசறது. ஹட்டன் லேண்ட்லைன்னா 0094, அப்புறம் 51, அப்புறம் நம்பர், அங்க உள்ளூர்ல 051-னு சொல்ற சைபர இங்க விட்டுடணும், இதுல தப்பு பண்ணித்தான் பாதி பேர் "லைன் கெடைக்கல"ன்னு விட்டுடறாங்க. இதுல இருக்கற ஒரே பெரிய நன்மை, நெட்டு வேண்டாம், ஃபைபர் அறுந்தாலும் டவர் உயிரோட இருந்தா போதும். கெட்டது, நிமிஷக் கணக்கு. பேக் இல்லாம நேரா அடிச்சா நாட்டப் பொறுத்து வலிக்கற மாதிரி வெட்டும். அதுவுமில்லாம ஐஎஸ்டி ஆன் ஆயிருக்கற போனுக்கு தெரியாத நாட்டு நம்பர்ல இருந்து ஒரே ஒரு ரிங் மிஸ்டு கால் வரும், "பையனா இருக்குமோ"ன்னு அம்மா திருப்பி அடிப்பாங்க, அங்க காசு பிடுங்கற நம்பர் உக்காந்திருக்கும். வயசானவங்க சிம்ல தேவையில்லாட்டி ஐஎஸ்டிய ஆஃப்லயே வெச்சுடுங்க.

ஆனா ஒண்ணு, இப்ப ரேட்ட பாத்து புலம்பறவங்க பழச மறந்துட்டோம். குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மஞ்சப் போர்டு போட்ட பூத்ல, ரேட் கொறையற ராத்திரி நேரத்துக்காக ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுட்டு வரிசைல நின்னு, சிவப்பு நம்பர் ஓடறதயே பாத்துட்டு "சரி வெச்சுடறேன் வெச்சுடறேன்"னு பேசுன காலம் அது. வெளிநாட்டு கால மொத்தமா தன் கையில வெச்சிருந்த விஎஸ்என்எல் கம்பெனியோட ஏகபோகம் 2002 மார்ச்சோட முடிஞ்சு, ஏப்ரல் 1-லிருந்து மத்தவங்களும் ஐஎஸ்டி குடுக்கலாம், இன்டர்நெட்லயும் பேசலாம்னு ஆனப்பறம்தான் அந்த ரேட் நல்லா எறங்குச்சு.

மூணாவது, ஆப்ல காசு ஏத்தி வெளிநாட்டு சாதா போனுக்கு பேசறது. பழைய யூடியூப் வீடியோல எல்லாம் ஸ்கைப்னு சொல்லுவாங்க, அத நம்பாதீங்க, 2025 மே 5-ஓட ஸ்கைப்ப மூடிட்டாங்க. வைபர் அவுட் மாதிரி இன்னும் சிலது இருக்கு. பெரியத்தை வீட்ல நெட் தீந்து போயிருக்கற நாள்ல ஹட்டன் லேண்ட்லைனுக்கு அஞ்சு நிமிஷம் பேச இது போதும், இதுக்குன்னு தனி பொட்டி வாங்கறதுல அர்த்தமே இல்ல. இதப்பத்தி இதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல.

இப்ப நெறைய பேர் கொழம்பற எடத்துக்கு வர்றேன். ஃபைபர் போட்டப்ப சுவத்துல மாட்டிட்டு போனாங்கல்ல ஒரு வெள்ள மோடம், அது பின்னாடி போன் ஒயர் சொருகற ஓட்டை ஒண்ணு இருக்கும். பழைய லேண்ட்லைன் நம்பர அதுல மாத்திக் குடுத்திருப்பாங்க, கோத்தகிரின்னா 04266, ஊட்டி குன்னூர்னா 0423. அந்த ஓட்டையும் உள்ளுக்குள்ள நெட்டு வழியா போற போன்தான், ஆனா அதோட சாவி கம்பெனி கையில. வெளிநாட்டு மலிவு ரேட் கம்பெனி அக்கவுன்ட்ட கொண்டு போய் அதுல போடலாம்னு நெனச்சா பொதுவா முடியாது, செட்டிங் எல்லாம் பூட்டியிருக்கும். உள்ளூர் பேச்சுக்கு அது அருமை, வெளிநாட்டுக்கு அவங்க ஐஎஸ்டி ரேட்தான். அதனால அடாப்டர் வெக்கறதுன்னா அது தனி பொட்டி, தனி போன், உள்ளூர் போன் பக்கத்துல ரெண்டாவதா உக்காரும்.

அந்த அடாப்டர், ஏடிஏம்பாங்க, உள்ளங்கை அளவுதான். ஒரு பக்கம் மோடத்துல இருந்து லேன் ஒயர், இன்னொரு பக்கம் சாதாரண பட்டன் வெச்ச லேண்ட்லைன் போனோட ஒயர் (ஆர்ஜே-11ம்பாங்க), மூணாவதா கரன்ட். நடுவுல அது நம்ம குரல பொட்டலம் பொட்டலமா கட்டி இன்டர்நெட்ல அனுப்புது, அந்தப் பக்கம் சிப் (SIP) கம்பெனின்னு, நெட்டு வழியா போன் சேவை விக்கற ஒருத்தன்கிட்ட நாம முன்கூட்டியே காசு கட்டி வெச்சிருப்போம், அவன் அத வாங்கி அந்த நாட்டு போன் லைன்ல விடுவான். வாங்கறப்ப எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டான்னு பாருங்க, போன் சொருகறது அதுதான். எஃப்எக்ஸ்ஓன்னு போட்டிருந்தா அது டெலிபோன் லைன சொருகறது, நமக்கு வேண்டாம். கிராண்ட்ஸ்ட்ரீம் ஹெச்டி801 ஒரு போனுக்கு, ஹெச்டி802 ரெண்டு போனுக்கு, வீட்டுக்கு 801 தாராளம். சிஸ்கோ எஸ்பிஏ112, லிங்க்ஸிஸ் பேப்2டி எல்லாம் ஒரு காலத்துல ராஜா, இப்ப தயாரிப்பு நின்னு போனது, செகண்ட்ஹேண்ட்ல வரும். அமெரிக்காவுல இருந்து வர்றப்ப யாராவது "எங்க வீட்ல சும்மா கெடந்துச்சு"ன்னு வோனேஜ் பொட்டி எடுத்துட்டு வந்தா சிரிச்சுட்டே வாங்கி உள்ள வெச்சுடுங்க, அது அந்த கம்பெனிக்கே பூட்டுனது, வேற அக்கவுன்ட் ஏறாது.

சட்டம் ஒரு வரில சொல்லிடறேன், ஏன்னா இத விட்டா வம்பு. இங்கிருந்து நெட்டு வழியா அடாப்டர்ல வெளிநாட்டு போனுக்கு பேசறதுக்கு நம்ம ஊர் விதில எடமிருக்கு. ஆனா வெளிநாட்டுல இருந்து நெட்டுல வர்ற கால இங்க உள்ளூர் டெலிபோன் லைன்லயோ சிம்லயோ கோத்து விட்டு "அவன் அங்கிருந்து லோக்கல் ரேட்ல ஊரெல்லாம் பேசட்டும்"னு பண்றது குற்றம். பேப்பர்ல அப்பப்ப சிம் பாக்ஸ் வெச்சு பிடிபட்டாங்கன்னு வருதே, அது இந்த வேலைதான். எஃப்எக்ஸ்ஓ வேண்டாம்னு நான் சொன்னதுக்கு இதுவும் காரணம். அதே மாதிரி அடாப்டர்ல இருந்து இந்திய நம்பருக்கு அடிக்காதீங்க, உள்ளூருக்கு உள்ளூர் போன் இருக்குல்ல.

இப்ப காசுக் கணக்கு, இங்கதான் ஆசை அடங்கும். சிப் கம்பெனிங்க ரேட் லிஸ்ட்ட தொறந்து பாத்தா கனடா, அமெரிக்கா, இங்கிலாந்து லேண்ட்லைனுக்கு நிமிஷத்துக்கு ஒரு சென்ட் கிட்டக்க, நம்ம காசுல ஒரு ரூபாய ஒட்டி வரும். அதே லிஸ்ட்ல இலங்கையும் துபாயும் பல மடங்கு ஏறி நிக்கும். ஏன் இப்படின்னா, குரல் கடல்ல எப்படி போகுதுங்கறதுக்கு ஆகற செலவு சொற்பம், கடைசில அந்த நாட்டு கம்பெனி தன் லைனுக்குள்ள விடறதுக்கு வாங்கற காசுதான் ரேட்ட முடிவு பண்ணுது. காரில் வந்தாலும் வேன்ல வந்தாலும் கல்லாறு செக்போஸ்ட்ல நின்னுதான் மலை ஏறணும், அந்த மாதிரி. நம்ம நாடும் இத வாங்குது, 2020 மே மாசத்துலருந்து வெளிநாட்டு கால் உள்ள வர நிமிஷத்துக்கு 35 பைசாலருந்து 65 பைசா வரைக்கும்னு தொலைத்தொடர்ப ஒழுங்குபடுத்தற டிராய் எல்லை வெச்சிருக்கு. அதனால எந்த நாட்டுக்கு அடாப்டர் ரேட் மலிவோ அந்த நாட்டுக்கு வாட்ஸ்அப்பும் சும்மா கெடைக்குது, எந்த நாட்டுக்கு நமக்கு நெஜமாவே வலிக்குதோ அங்க அடாப்டரும் பெருசா காப்பாத்தறதில்ல. பொட்டி விலை கடைக்கு கடை மாறும், மூவாயிரத்துக்கு மேலன்னு வெச்சுக்குங்க, மாசம் நூறு ரூபா மிச்சமானாக்கூட போட்ட காசு வர ரெண்டரை வருஷம் ஓடிடும்.

அப்ப எதுக்குத்தான் அது? அத்தைக்கு.

ஹெச்டி801-ல ஆஃப்ஹுக் ஆட்டோ டயல்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல மச்சானோட டொரன்டோ நம்பர போட்டு சேவ் பண்ணிட்டா, அத்தை ரிசீவர தூக்குனா போதும், நம்பரே அழுத்த வேண்டாம், அங்க மணி அடிக்கும். அதுக்கு பக்கத்துலயே டிலே-ன்னு இன்னொரு கட்டம், அதுல சில நொடி வெச்சா, தூக்குன உடனே வேற நம்பர் அழுத்துனா அதுக்கு போகும், சும்மா வெச்சிருந்தா மச்சானுக்கு போகும். கண்ணாடி வேண்டாம், சார்ஜ் வேண்டாம், பச்சை சிவப்பு வேண்டாம். எழுபது வயசு ஆளுக்கு இதுக்கு ஈடா ஒரு ஆப்பும் இல்ல, நான் அடிச்சு சொல்வேன்.

மாட்றது எப்படின்னா, எல்லா ஒயரையும் சொருகி கரன்ட் குடுத்து ஒரு நிமிஷம் விட்டுட்டு, ரிசீவர தூக்கி ஸ்டார் மூணு தடவை அழுத்துங்க, இங்கிலீஷ்ல ஒரு அம்மா பேசும், அப்ப 02 அழுத்துனா பொட்டியோட ஐபி அட்ரஸ ஒவ்வொரு எண்ணா படிக்கும், பேப்பர்ல எழுதிக்குங்க. அத்தை அத கேட்டுட்டு "யாரு தம்பி அது, எங்கிருந்து பேசறா"ன்னு கேட்டாங்க. அதே வைஃபைல இருக்கற போன் பிரவுசர்ல அந்த நம்பர அடிச்சா லாகின் பக்கம் வரும், பாஸ்வேர்டு பொட்டி அடில ஸ்டிக்கர்ல இருக்கும், பழைய பொட்டின்னா அட்மின்னுக்கு அட்மினே. எஃப்எக்ஸ்எஸ் பக்கத்துல சிப் சர்வர், யூசர் ஐடி, ஆத்தன்டிகேட் ஐடி, பாஸ்வேர்டு, சிப் கம்பெனி குடுத்தது நாலும் போட்டு சேவ், ரீபூட். ஸ்டேட்டஸ்ல ரெஜிஸ்டர்டுன்னு வந்தா முடிஞ்சது. நம்பர் அழுத்திட்டு கடைசில ஹேஷ் அழுத்துனா உடனே போகும், இல்லாட்டி சில நொடி யோசிச்சுட்டு போகும். போன் அடில பி (P), டி (T)-ன்னு ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், பழைய பீட்டல் போன்ல எல்லாம் உண்டு, அது டி-ல இருக்கணும், பி-ல இருந்தா நம்பர் அழுத்த அழுத்த கடகடன்னு சத்தம் மட்டும் வரும், பல அடாப்டருக்கு அது புரியாது.

ஒரு பக்கம் கேக்குது, இன்னொரு பக்கம் கேக்கலன்னா பத்துக்கு எட்டு தடவை அது மோடத்துல இருக்கற சிப் ஏஎல்ஜி-ங்கற (SIP ALG) செட்டிங் பண்ற வேலை. உதவி பண்றேன்னு நடுவுல பூந்து அட்ரஸ மாத்தி விட்டுடும். மோடம் செட்டிங்ல போய் அத ஆஃப் பண்ணுங்க, அந்த பக்கமே பூட்டியிருந்தா கேபிள்காரர்கிட்ட சொல்லி ஆஃப் பண்ண சொல்லுங்க, அவருக்கே தெரியாம முழிச்சா பொறுமையா இருங்க, ரெண்டு மூணு தடவை கேட்டாத்தான் நடக்கும்.

குரல் தரத்துக்கு ஸ்பீடு முக்கியமில்ல, இத நெறைய பேர் நம்ப மாட்டேங்கறாங்க. குரல கட்டி அனுப்பற முறைல ஜி.711-னு நல்ல தரத்துல பேசுனாலே ஒரு பக்கத்துக்கு 90 கேபிபிஎஸ் தாண்டாது, ஜி.729-னு இன்னும் சுருக்கி கட்டுனா 30 சொச்சம். முக்கியம் தாமதம். ஒரு பக்கம் போக 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா பேச்சு இயல்பா இருக்கும்னு ஐடியுங்கற உலக தொலைத்தொடர்பு அமைப்பு அளவு வெச்சிருக்கு, அது தாண்டத் தாண்ட ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சு ரெண்டு பேரும் நிறுத்தி "சொல்லு, நீ சொல்லு"ன்னு ஓடும். இங்க ஒரு வேடிக்கை பாருங்க, சிப் கம்பெனி சர்வர் கனடாவுல இருந்தா அத்தை டொரன்டோவுக்கு பேசறப்ப அது வழில இருக்கற எடம், பரவால்ல. அதே அக்கவுன்ட்ல ஹட்டனுக்கு அடிச்சா, குரல் அரவேணுல கெளம்பி கோயம்புத்தூர் எறங்கி கடல் தாண்டி கனடா போய் அங்கிருந்து திரும்ப பாதி உலகம் சுத்தி இலங்கைக்கு வரும். மன்னார் கடல தாண்டறதுக்கு அவ்ளோ சுத்து. அதுக்கு காசும் ஜாஸ்தி, பேச்சும் இடிக்கும். ஹட்டனுக்கு அடாப்டர் வேண்டாம்னு நான் சொல்றதுக்கு இது ரெண்டாவது காரணம்.

சிப் ஆப் ஒண்ண, அதாவது அடாப்டர் பண்ற வேலைய மொபைல்லயே பண்ற ஆப்ப, மச்சான் தன் மொபைல்ல போட்டு அதே கம்பெனில ஒரு உள் நம்பர் எடுத்துட்டா அத்தை பேசறதுக்கு காசே ஆகாதேன்னு கேப்பீங்க. ஆமா, லின்ஃபோன், ஜோய்ப்பர் எல்லாம் இருக்கு, உள் நம்பருக்கு உள் நம்பர் பொதுவா இலவசம், செக்போஸ்டே இல்ல. ஆனா மொபைல்ல அந்த ஆப் பேட்டரி மிச்சம் பண்றேன்னு தூங்கிடும், கால் வந்தா எழுந்திரிக்காது, அத்தை தூக்கி தூக்கி வெச்சு "அவன் எடுக்க மாட்டேங்கறான்"னு முகம் வாடிடும். ஒரு ரூபா மிச்சம் பண்ண இந்தப் பாடு தேவையா? அத்தை அவனோட கனடா மொபைல் நம்பருக்கே நேரா அடிக்கட்டும், கட்டாயம் மணி அடிக்கும். இலவசத்த விட அடிக்கற மணி முக்கியம்.

இனி மலை சமாச்சாரம், இத கீழ இருக்கறவங்க எழுதற எதுலயும் பாக்க முடியாது. பழைய செம்பு ஒயர் லேண்ட்லைன்ல எக்ஸ்சேஞ்ச் பேட்டரில இருந்தே 48 வோல்ட் ஒயர் வழியா வந்துட்டு இருந்துச்சு, வீட்ல கரன்ட் இல்லாட்டியும் டயல் டோன் இருக்கும். ஃபைபர்ல வெளிச்சம்தான் வரும், கரன்ட் வராது. ஆக மோடம் அணைஞ்சா அடாப்டர் செத்துது, ரெண்டுக்கும் பேக்கப் வேணும். ஐப்பசி கார்த்திகைல கோத்தகிரி குன்னூர் பக்கம், ஆடில கூடலூர் பந்தலூர் பக்கம், ஒரு கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ ஒயர் மேல சாஞ்சா கரன்ட் எப்ப வரும்னு ஈபி ஆளுக்கே தெரியாது. மோடத்துக்கு வெக்கற சின்ன டிசி யூபிஎஸ் சில மணி நேரம் தாங்கும், வாங்கறப்ப மோடம் எத்தன வோல்ட், அடாப்டர் எத்தன வோல்ட்னு ரெண்டையும் அடில படிச்சு பாருங்க, ஒண்ணு 12 இன்னொண்ணு 5-னு இருந்தா ரெண்டு அவுட்புட்டும் உள்ள யூபிஎஸ்ஸா பாத்து வாங்கணும், மாத்தி சொருகுனா புகை. மண்ணு சரிஞ்சு ஃபைபரே அறுந்தா யூபிஎஸ் இருந்தும் பிரயோஜனமில்ல. இடி நேரத்துல ஃபைபர் வழியா மின்னல் வராது, கரன்ட் ஒயர் வழியா வரும், அதனால இடி கேட்டா அடாப்டர் பிளக்க புடுங்க அத்தைக்கு பழக்கி விட்டிருக்கேன். அப்புறம் 108, 112 எல்லாம் இந்தப் பொட்டில அடிச்சா போகாது. அதுக்கு சிக்னல் கெடைக்கற சிம் ஒண்ணு போட்ட பட்டன் மொபைல் தலைமாட்டுல இருந்தே ஆகணும், இதுல சமரசமே கிடையாது.

இன்னொரு தொல்லை, ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிக்கும், எடுத்தா யாரும் இருக்க மாட்டாங்க, டிஸ்ப்ளே இருக்கற போன்னா 100, 1001-னு நம்பர் காட்டும். பேய் இல்லங்க, உலகம் பூரா சிப் பொட்டிய தேடி கதவ தட்டிட்டே இருக்கற திருட்டு ப்ரோக்ராம்தான். பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கற வீட்ல நடுராத்திரி மணி அடிச்சா அந்த அம்மாக்கு நெஞ்சு என்ன பாடு படும்னு யோசிங்க, அதனால மாட்ற அன்னைக்கே எஃப்எக்ஸ்எஸ் பக்கத்துல சிப் சர்வர்ல இருந்து வர்ற மெசேஜ மட்டும் ஏத்துக்கோங்கற ஆப்ஷன எஸ்-னு வெச்சுடுங்க. லாகின் பாஸ்வேர்ட மாத்துங்க. சிப் கம்பெனி அக்கவுன்ட்ல தானா காசு ஏர்றத ஆஃப் பண்ணி, அஞ்சோ பத்தோ டாலர் மட்டும் போட்டு, கனடா தவிர மத்த நாட்டையெல்லாம் பிளாக் பண்ணிடுங்க. பாஸ்வேர்டு திருடு போனாலும் அந்தப் பத்தோட போச்சு. அந்தக் காச இங்கிருந்து கட்டணும்னா கார்டுல சர்வதேச பரிவர்த்தனைய ஆன் பண்ணி, பேங்க் தன் பங்குக்கு கொஞ்சம் உருவி, பெரிய இழுவை, மச்சான் அங்கிருந்தே கட்டறதுதான் சுலபம்.

மச்சானே பேசலாமேன்னும் ஒரு கணக்கு இருக்கு, அதுதான் பல வீட்டுக்கு சரியான பதிலும்கூட. கனடா, அமெரிக்கா பக்கம் இந்தியாவுக்கு சேத்து பேசற பிளான் மொபைல்லயே கெடைக்குது, அவன் அத்தையோட 04266 நம்பருக்கு அடிச்சா இங்க ஃபைபர் போன் அடிக்கும், அத்தைக்கு செலவில்ல, புதுப் பொட்டியும் வேண்டாம். அவன் தவறாம பேசற பையன்னா இது போதும். ஆனா அம்மாவுக்கு தோணுற நேரத்துல அம்மா கூப்பிட முடியாது, அவன் கூப்பிடற வரைக்கும் காத்திருக்கணும், மிஸ்டு கால் குடுக்கக்கூட ஐஎஸ்டி வேணும். அத்தைக்கு அதுதான் குறை, "நான் பேசணும்னா அவன் பேசறப்பதான் பேசணுமா"ன்னு கேட்டாங்க, நியாயம்தானே.

அதனால அத்தை வீட்ல என்ன பண்ணோம்னா, டொரன்டோவுக்கு அடாப்டர், தூக்குனா மச்சான், அவ்ளோதான். அங்க நம்மள விட ஒன்பதரை மணி நேரம் பின்னாடி, குளிர் காலத்துல பத்தரை, அதனால "காலைல கஞ்சி குடிச்சதும் இல்ல ராத்திரி நியூஸ் பாக்கறப்ப மட்டும் தூக்குங்க"ன்னு பேச்சு. ஹட்டனுக்கு பக்கத்து வீட்டு பாப்பா சாயங்காலம் வந்து வாட்ஸ்அப்ல போட்டுக் குடுக்குது, அங்கயும் இதே நேரம்தான், பெரியத்தை பேத்தி எடுத்துக் குடுக்குது, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் முகத்த பாத்து அழுதுட்டு அப்புறம் விலைவாசி பேசறாங்க. துபாய்க்காரன் வெள்ளி சனில அவனே அடிக்கறான். அந்த வீட்டுக்கு ஐஎஸ்டி பேக் போடவே இல்ல.

உங்க வீட்ல அம்மா அப்பா ஸ்மார்ட்போன்ல தாராளமா பேசறாங்கன்னா அடாப்டர் பக்கமே போகாதீங்க. பட்டன் போன் கைதான், பிள்ளை கனடா அமெரிக்கா இங்கிலாந்துலன்னா கண்ண மூடிட்டு வாங்குங்க. இலங்கை, வளைகுடா மட்டும்தான்னா வாங்காதீங்க, காசு திரும்பாது. வாங்கறதுன்னு முடிவு பண்ணவங்க பொட்டிக்கு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி சிப் கம்பெனில அக்கவுன்ட் மட்டும் தொறந்து, கொஞ்சமா காசு போட்டு, இலவச சிப் ஆப்ல அதே யூசர் ஐடி பாஸ்வேர்ட போட்டு, அம்மா வீட்டு வைஃபைல இருந்தே ஒரு வாரம் வேற வேற நேரத்துல பேசிப் பாருங்க, முக்கியமா ஊரெல்லாம் சீரியல் பாக்கற ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு. குரல் அப்ப வெட்டுச்சுன்னா பொட்டி மாட்டுனாலும் அதே நெட்டுதான், அதே மாதிரிதான் வெட்டும்.